மெல்லிய சிவப்பு ஒயின்: ஆண்டைக் குறை சொல்லும் முன் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள்

டர்பனில் பிப்ரவரி மாதம் சமையலறை அலமாரியில் கிடக்கும் ஒயின் பாட்டில் எளிதாக 28 டிகிரியைத் தொட்டுவிடும். திராட்சை பறித்த ஆண்டை வைத்து ‘2018 சரியில்லை, 2021 தேவலை’ என்று பேசுவதற்கு முன், அந்த இரண்டு பாட்டிலும் இத்தனை காலம் எங்கே படுத்திருந்தன என்று கேளுங்கள். பினோ நுவார், சின்சோ போன்ற மெல்லிய சிவப்பு ஒயின்களில் நிறமும் துவர்ப்பும் குறைவு. அதனால் வெப்பம் செய்த கெடுதலை மறைத்துக்கொள்ள அவற்றுக்கு இடமில்லை. வெந்துபோன ஒயினில் புதுப்பழ வாசனை போய் ஜாம் வாசனை வரும். கார்க் மேலே தள்ளியிருக்கும், கழுத்தில் பிசுபிசுப்பு தெரியும். அது சேமிப்பின் குற்றம். அறுவடை ஆண்டின் மேல் பழி போடாதீர்கள்.

ஒரே பண்ணை, ஒரே தோட்டம், ஒரே ரகம், ஆண்டு மட்டும் வேறு. ஆண்டுகளை ஒப்பிட்டுச் சுவைக்க இப்படி ஐந்தாறு பாட்டில் போதும். தென்னாப்பிரிக்காவில் லேபிளில் ஓர் ஆண்டைப் போட, குறைந்தது 85 சதவீதம் அந்த ஆண்டின் திராட்சையாக இருந்தால் போதும். இடையில் ஒயின் தயாரிப்பாளர் மாறியிருக்கலாம், காம்போடு நொதிக்கவைத்த அளவு மாறியிருக்கலாம், புது ஓக் பீப்பாய் கூடியிருக்கலாம். அதைப் பண்ணையிடம் விசாரிக்காமல் எல்லா வேறுபாட்டையும் மழை வெயிலின் கணக்கில் எழுதுவது தவறு.

பழைய பாட்டில்களை முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். பரிமாறும் சூடு 12 முதல் 14 டிகிரி. கோப்பையில் அது தானாக ஏறிவிடும். 28 டிகிரி பாட்டிலை ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அமிழ்த்தினால் ஏறக்குறைய அந்த நிலைக்கு வரும். சமையல் தெர்மாமீட்டரால் ஒருமுறை சரிபாருங்கள். சூடாகக் கொடுத்தால் ஆல்கஹால் மூக்கில் ஏறி, எல்லா ஆண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதிகம் குளிர்ந்தால் வாசனை அடங்கி, துவர்ப்பு மட்டும் நாக்கில் உறைக்கும்.

சுவைக்கக் காலை பதினொரு மணி நல்ல நேரம். சுவைக்கும் அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி, செண்ட் எதுவும் வேண்டாம். தாளிப்பு வாசனையும் வேண்டாம். மிளகாய்க் காரம் நாக்கில் இருக்கும்போது ஆல்கஹால் எரியும், துவர்ப்பு கசக்கும். பன்னி சௌவோ (ரொட்டிக்குள் கறி ஊற்றிய டர்பன் உணவு) கறியோ சுவைத்து முடிந்த பிறகு வரட்டும். வெறும் ரொட்டித் துண்டும் தண்ணீரும் போதும்.

ஒருவருக்கு ஒரு பாட்டிலிலிருந்து 50 மில்லி. ஆறு பாட்டிலையும் துப்பாமல் விழுங்கினால் 300 மில்லி. 13 சதவீத ஒயினில் அது சுமார் 30 கிராம் ஆல்கஹால். 100 மில்லி ரத்தத்துக்கு 0.05 கிராம் என்ற ஓட்டுநர் வரம்பை வெறும் வயிற்றில் பலர் இதிலேயே தாண்டிவிடுவார்கள். அதனால் ஆளுக்கொரு துப்பும் குவளை கட்டாயம். இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடாமல் குடித்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். தள்ளாட்டமும் குழறலும் போதை போலவே தெரிவதால் பக்கத்திலிருப்பவர்கள் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. கர்ப்பிணிகள் சுவைக்கவே வேண்டாம்.

இளைய ஆண்டிலிருந்து பழைய ஆண்டுக்குப் போங்கள். கோப்பையை வெள்ளைத் தாளின் மேல் சாய்த்தால் விளிம்பு ஊதாவிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறுவது தெரியும். பினோ நுவார் இயல்பாகவே வெளிறியது. நிறம் குறைவு என்பதற்காக முதுமை என்று முடிவு கட்டாதீர்கள். ஈர அட்டை வாசனை வந்தால் கார்க் கெட்டது. காடி அல்லது நகப்பூச்சு நீக்கி வாசனை என்றால் அசிட்டிக் பாக்டீரியா வேலை. அணைந்த தீக்குச்சி வாசனை மட்டும் சில நிமிடம் சுழற்றினால் போகக்கூடியது, அதற்குக் காத்திருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஆண்டு பேசும். 2015 முதல் 2018 வரை தென்னாப்பிரிக்காவின் ஒயின் விளையும் மேற்குக் கேப் மாகாணத்தில் கடும் வறட்சி. தண்ணீர் குறைந்தால் பழம் சிறுக்கும். சாற்றைவிடத் தோலின் பங்கு கூடுவதால் நிறமும் துவர்ப்பும் ஏறும். 2021 குளிர்ந்த, தாமதமான பருவம். அந்த ஒயின்களில் புளிப்பின் துடிப்பைத் தேடுங்கள். 2023இல் மார்ச் மழை பல ரகங்களைப் பாதித்தது. ஆனால் ஹெர்மானஸ் பக்கத்து ஹெமெல்-என்-ஆர்டெ பள்ளத்தாக்கில் பினோ நுவார் சீக்கிரம் பழுக்கும் ரகம். மழைக்கு முன்பே பெரும்பாலும் பறித்துவிடுவார்கள். ‘அந்த வருடம் மழை’ என்ற பொதுத் தீர்ப்பை எல்லா ரகத்துக்கும் ஒட்டக் கூடாது.

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மீண்டும் சுவைத்தால் எந்த ஆண்டில் இன்னும் உயிர் இருக்கிறது, எது சரிந்துவிட்டது என்று தெரியும். சரிந்த ஆண்டின் வேறு பாட்டில்கள் வீட்டில் இருந்தால் அவற்றை முதலில் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.