ஆன்டி டிபிஓ: இந்த 'ஆன்டி'க்கு தமிழ்ல என்ன சொல்றது?

தைராய்டு டெஸ்ட் ரிப்போர்ட்ல டிஎஸ்ஹெச், டி3, டி4 எல்லாம் முடிஞ்சு கடைசியா சில பேருக்கு ஒரு வரி வரும், ஆன்டி டிபிஓ ஆன்டிபாடின்னு, அதுக்கு நேரா 400, 600, சிலருக்கு 1000க்கு மேலயும் ஒரு நம்பர் தடிச்ச எழுத்துல நிக்கும், பக்கத்துல நார்மல் ரேஞ்ச் பாத்தா ரொம்ப கம்மியா போட்டிருக்கும், அவ்வளவுதான், அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அதனால இந்தப் பேரை ஒவ்வொரு துண்டா பிரிச்சுப் பாத்துடலாம். (ஆன்டின்னா பக்கத்து வீட்டு ஆன்ட்டி இல்லைங்கிறது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.)

முதல்ல தைராய்டு. கிரேக்கத்துல 'தைரா'ன்னா கதவு, கதவு மாதிரி நீளமா இருக்குற பெரிய கேடயத்துக்கு 'தைரியோஸ்'னு பேரு, அதுலருந்து கேடயம் போல இருக்குறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி வந்த சொல்தான் இது. 1656ல தாமஸ் வார்ட்டன்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் இந்தச் சுரப்பிக்கு அந்தப் பேரை வச்சார். அதையே அப்படியே தமிழ்ல கேடயச் சுரப்பின்னு எழுதுறாங்க, இலங்கைல கேடயப்போலிச் சுரப்பின்னு இன்னும் துல்லியமா சொல்றாங்க, 'போலி'ன்னா இங்க டூப்ளிகேட் இல்ல, 'போன்றது'ங்கிற அர்த்தம். நம்ம ஊர்ல பேச்சுல "எனக்கு தைராய்டு இருக்கு"ன்னுதான் சொல்வோம், அது எல்லாருக்கும்தான் இருக்கு, ஆனா சொல்ல வர்றது புரிஞ்சுடுது, அதனால அதுல சண்டை போட ஒண்ணுமில்ல.

டிபிஓன்னா தைராய்டு பெராக்சிடேஸ், ஒரு நொதி. நாம சாப்பிடுற உப்புல இருக்குற அயோடினை தைராய்டு செல் உறிஞ்சிக்கும், அதை தைரோகுளோபுலின்னு ஒரு பெரிய புரதத்தோட ஒட்ட வச்சு, அதுலருந்து டி4, டி3 ஹார்மோன் உருவாகுற வேலையை செய்யுறது இந்த நொதிதான். இது இல்லாம தைராய்டு ஹார்மோன் உருவாகாது. அந்த நொதி மேல போய் ஒட்டிக்கிற ஆன்டிபாடிக்குத்தான் ஆன்டி டிபிஓன்னு பேரு.

இப்ப ஆன்டிபாடி. 1891ல ஜெர்மனில பால் எர்லிக்னு ஒரு விஞ்ஞானி ஒரு கட்டுரைல 'ஆன்டிகோர்ப்பர்'னு எழுதினார், அதைத்தான் இங்கிலீஷ்ல ஆன்டிபாடின்னு மாத்திக்கிட்டாங்க. இதுல 'கோர்ப்பர்', 'பாடி' எல்லாம் நம்ம உடம்பைக் குறிக்கல, ஒரு பொருள், ஒரு துகள்ங்கிற அர்த்தத்துல வர்றது. அதனால எதிர் உடல்னு மொழிபெயர்த்தா தப்பு, தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல இருக்குற 'எதிர்ப்பொருள்' சரியா மூலத்தோட பொருந்துது. இன்னொரு சொல் பிறபொருளெதிரி, இலங்கைப் புத்தகங்கள்லயும் தமிழ் விக்கிப்பீடியாவுலயும் இதைப் பாக்கலாம். வெளிலருந்து வர்ற கிருமி, நஞ்சு மாதிரி பிற பொருளுக்கு எதிரிங்கிற கணக்கு, கேக்க நல்லாவும் இருக்கு. ஆனா நம்ம விஷயத்துல இந்தச் சொல் இடறுது பாருங்க, டிபிஓ பிற பொருளே கிடையாது, நம்ம உடம்பே செஞ்ச நொதி, அதை எதிர்க்கிறதைப் போய் எப்படி பிறபொருளெதிரின்னு சொல்றது? அதனால என் ஓட்டு எதிர்ப்பொருளுக்குத்தான், தன் உடம்பையே எதிர்க்கிற ஆட்டோ ஆன்டிபாடிக்கு தன்னெதிர்ப்பொருள்னு வச்சுக்கலாம், எழுத்துக்கூட்டி படிக்கவும் ஈஸி.

இந்த இடறல் தமிழுக்கு மட்டும் வந்ததில்ல. உடம்பு தன்னைத்தானே தாக்குற எதிர்ப்பொருளை உருவாக்காது, அதுக்கு அதுலயே ஒரு பயம் இருக்குன்னு 1900 வாக்குல எர்லிக்கே சொல்லிட்டார், அது ரொம்ப நாள் சட்டம் மாதிரி நின்னுச்சு. நடுவுல 1912ல ஜப்பான்ல ஃபுகுவோகாவுல ஹகாரு ஹாஷிமோட்டோங்கிற இளம் சர்ஜன், கழுத்து வீங்கின நாலு பொம்பளைங்களோட தைராய்டை மைக்ரோஸ்கோப்ல பாத்து, சுரப்பிக்குள்ள வெள்ளணுக்கள்ல ஒரு வகையான லிம்போசைட் கூட்டம் கூட்டமா வந்து உக்காந்திருக்குன்னு ஜெர்மன் பத்திரிகைல எழுதினார். அந்த நோய்க்கு பின்னாடி அவர் பேரே ஒட்டிக்கிச்சு, ஹாஷிமோட்டோ நோய்னு. ஆனா அந்த லிம்போசைட் எதுக்கு வந்துச்சுன்னு அப்ப யாருக்கும் விளங்கல, அவர் 1934லயே டைஃபாய்டுல போய்ட்டார். 1956லதான் லண்டன்ல ராய்ட், டோனியாக் குழு ஹாஷிமோட்டோ நோயாளிங்க ரத்தத்துல தைரோகுளோபுலினுக்கு எதிரான தன்னெதிர்ப்பொருளைக் கண்டுபிடிச்சாங்க, அதே வருஷம் அமெரிக்காவுல ரோஸ், விட்டெப்ஸ்கி ரெண்டு பேரும் முயலோட தைராய்டுலருந்து எடுத்த சாறையே முயலுக்கு ஊசி போட்டு அதே நோயை வரவச்சுக் காட்டினாங்க. எர்லிக் போட்ட சட்டம் உடைஞ்சது இந்த நோயாலதான்.

சரி, அப்ப இந்த ஆன்டிபாடிதான் தைராய்டை அழிக்குதான்னா, அங்கதான் பேரு நம்மள ஏமாத்துது. எதிர்னு பேர்ல இருக்குறதால அதுதான் வில்லன்னு நினைச்சுக்கிறோம், ஆனா ஹாஷிமோட்டோல தைராய்டு செல்லைக் கொல்ற வேலையில பெரும்பங்கு டி செல்னு சொல்ற வெள்ளணுக்களோடது, அதுங்க நேரா சுரப்பிக்குள்ள புகுந்து செல்லை சாகடிக்குது. டிபிஓ ஆன்டிபாடி சும்மா இருக்குன்னும் சொல்ல முடியாது, காம்ப்ளிமென்ட்னு ரத்தத்துல இருக்குற புரதக் கூட்டத்தை உசுப்பிவிட்டு சேதத்தைக் கூட்டும், ஆனா டிபிஓ நொதி பெரும்பாலும் செல்லுக்குள்ளயும் உள்பக்க சவ்வுலயும் இருக்கு, செல் நல்லா இருக்குறப்ப ரத்தத்துல ஓடுற ஆன்டிபாடி அதைத் தொடுறதே கஷ்டம். இதுக்கு எனக்குப் பிடிச்ச ஆதாரம் ஒண்ணு, அம்மாவோட டிபிஓ ஆன்டிபாடி நஞ்சுக்கொடி தாண்டி குழந்தைக்குப் போகும், ஆனாலும் பெரும்பாலும் குழந்தை நார்மல் தைராய்டோடதான் பிறக்குது. அது தனியாவே அழிக்கிற சக்தின்னா அந்தக் குழந்தைங்க நிலைமை வேற மாதிரி இருந்திருக்கும்.

நேரடியா வேலையை நிறுத்துற ஆன்டிபாடியும் இருக்கு, ஆனா அது வேற ஜாதி, டிஎஸ்ஹெச் ரிசப்டரைத் தடுக்குறது. மூளைக்குக் கீழ இருக்குற பிட்யூட்டரி அனுப்புற டிஎஸ்ஹெச் வந்து அந்த ரிசப்டர்ல ஒட்டினாத்தான் தைராய்டு வேலை செய்யும், இந்த ஆன்டிபாடி காலிங் பெல் சுவிட்ச் மேல டேப் ஒட்டின மாதிரி அதை மூடிடும், வெளில நின்னு எவ்வளவு அழுத்தினாலும் உள்ள சத்தம் போகாது. அம்மாகிட்டருந்து இது போனா குழந்தைக்கு கொஞ்ச காலத்துக்கு தைராய்டு குறைவு வர்றதும் உண்டு. அதே ரிசப்டரை ஓயாம அழுத்திக்கிட்டே இருக்குற இன்னொரு ஆன்டிபாடி கிரேவ்ஸ் நோய்ல வரும், அதுல தைராய்டு அளவுக்கு மேல வேலை செய்யும். எல்லாத்துக்கும் ஒரே 'ஆன்டி'தான்.

அப்ப டிபிஓ நம்பர் எதுக்கு? யாருக்கு பின்னாடி தைராய்டு குறையும்னு முன்கூட்டியே சொல்ல. இங்கிலாந்துல விக்கம்னு ஒரு ஊர்ல 20 வருஷம் கழிச்சு மறுபடி பாத்த ஆய்வுல, ஆன்டிபாடி மட்டும் இருந்த பொம்பளைங்கள்ல வருஷத்துக்கு 100க்கு சுமாரா 2 பேருக்கு தைராய்டு குறைவு வந்துச்சு, ஆன்டிபாடியோட டிஎஸ்ஹெச்சும் ஏறியிருந்தவங்கள்ல 4 பேருக்கு மேல. அதாவது ஆன்டிபாடி பாசிட்டிவ்னாலே நாளைக்கே மாத்திரைன்னு கிடையாது, வருஷத்துக்கு ஒரு தடவை டிஎஸ்ஹெச் பாத்துக்கிட்டா பெரும்பாலானவங்களுக்கு போதும். கர்ப்பமா இருந்தா மட்டும் கதை வேற, கர்ப்ப காலத்துல பாதி வரைக்கும் 4 வாரத்துக்கு ஒருதடவை டிஎஸ்ஹெச் பாக்கச் சொல்வாங்க, குழந்தை பிறந்தப்புறமும் தைராய்டு ஆட்டம் காட்டலாம்.

மாத்திரை போடுறவங்க ஆன்டிபாடியை மாசாமாசம் எடுத்து இறங்குதா இறங்குதான்னு பாக்குறது வீண் செலவுன்னுதான் நான் சொல்வேன். தைராக்சின் மாத்திரை குறைஞ்ச ஹார்மோனை ஈடுகட்டுது, டோஸை முடிவு பண்றது டிஎஸ்ஹெச்தான், அதுவும் டோஸ் மாத்தி 6லருந்து 8 வாரம் கழிச்சு. செலினியம்ங்கிற தாதுச்சத்து மாத்திரை சாப்பிட்டா சில ஆய்வுகள்ல ஆன்டிபாடி நம்பர் குறைஞ்சிருக்கு, ஆனா அதனால தைராக்சின் தேவைப்படாம போச்சுன்னு காட்டினது இல்ல. முடி வளர பயோட்டின் மாத்திரை போடுறவங்க அதை லேப்லயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க, டெஸ்டுக்கு ரெண்டு நாளாவது முன்னாடி நிறுத்தணும், இல்லன்னா சில மெஷின்ல டிஎஸ்ஹெச் பொய்யா குறைஞ்சும் ஆன்டிபாடி பொய்யா ஏறியும் காட்டும்.

பழைய ரிப்போர்ட் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு, அதுல ஆன்டி மைக்ரோசோமல் ஆன்டிபாடி, சுருக்கமா ஏஎம்ஏன்னு போட்டிருந்தா பயந்து இது என்ன புதுசான்னு தேடாதீங்க. அது எதை எதிர்க்குதுன்னு தெரியாத காலத்துல வச்ச பேரு, 1985லதான் அந்த இலக்கு டிபிஓன்னு தெரிஞ்சு பேரை மாத்தினாங்க. டெஸ்ட் முறை வேற, அதனால அந்த நம்பரையும் இப்ப வந்த நம்பரையும் பக்கத்துல வச்சு ஏறிடுச்சு இறங்கிடுச்சுன்னு கணக்குப் போட முடியாது.