வேலை போன மறுநாளே இ.எஸ்.ஐ. அட்டை செத்துவிடுவதில்லை

தொழிலாளர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தாள்கள் போட்டுக் கொடுக்கும் என் அலுவலகத்துக்குச் சென்ற வாரம் வந்த பெண்மணி, கைப்பையிலிருந்து நகைக்கடன் சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் பேசத் தொடங்கினார். அவருடைய கணவர் கேரளத்தின் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் எட்டரை ஆண்டு வேலை பார்த்தவர், தமிழ்நாட்டின் க.க.சாவடியிலிருந்து தினமும் வாளையாறு தாண்டிப் போய் வந்தவர். கடந்த நவம்பர் இறுதியில் ஆலையை மூடிவிட்டார்கள். பிப்ரவரியில் மனைவிக்குக் கர்ப்பப்பைக் கட்டி அறுவைச் சிகிச்சை தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. அதற்காக வளையலும் சங்கிலியும் வங்கிக்குப் போயின. அவற்றை மீட்கக் கணவரின் பி.எஃப். (சேமநிதி) பணம் முழுவதையும் எடுத்துத் தரவேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்ததே, ஏன் அதில் பார்க்கவில்லை என்று கேட்டேன். "வேலையே போயிடுச்சு சார், அப்புறம் அட்டையை வெச்சு என்ன பண்றது? அவர் நவம்பர்லயே அதைப் பீரோவுல போட்டுட்டார்" என்றார்.

இந்த ஆண்டில் மட்டும் இதே பதிலை எத்தனையாவது தடவை கேட்கிறேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். தொழிற்சங்கத்தில் பதவியில் இருந்த ஒருவர்கூடச் சொல்லியிருக்கிறார். ஆகவே மற்றவற்றையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்வோம், முதலில் இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இ.எஸ்.ஐ. அட்டை நிறுவனத்தின் வாயிற்காவலர் தரும் அடையாளச் சீட்டைப் போன்றதன்று. நீங்கள் முன்பே கட்டிய சந்தாவுக்கு ஈடாகப் பின்னால் கிடைக்கும் காப்பீடு அது. சட்டம் ஆண்டை இரண்டு சந்தாக் காலங்களாகப் பிரித்திருக்கிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கட்டிய சந்தாவுக்கு, அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பலன் உண்டு. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை கட்டியதற்கு, அதன்பின் வரும் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை பலன் உண்டு. ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், அதற்குரிய பலன் காலம் முடியும்வரை காப்பீட்டாளருக்கும் (அதாவது சந்தா கட்டிய தொழிலாளிக்கும்) அவர் குடும்பத்துக்கும் மருத்துவ உதவி பெற உரிமை இருக்கிறது. இடையில் அவர் வேலையில் இருக்கிறாரா, இல்லையா என்பதைக் கேட்கும் விதி இதில் எங்கும் இல்லை.

இந்தக் குடும்பத்தின் கணக்கையே பாருங்கள். கணவர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு மாதமும் விடாமல் வேலை செய்திருக்கிறார். ஆகவே இந்த ஆண்டு ஜூன் 30 வரை அட்டை உயிரோடு இருக்கிறது. பிப்ரவரியில் அந்த அறுவைச் சிகிச்சையை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்துகொண்டிருக்கலாம். கணவர் கேரளத்தில் பதிவானவர், குடும்பம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதும் தடையாக இருந்திருக்காது. குடும்பம் வேறு ஊரில் இருந்தால் அவர்களுக்கென்று தனி டிஸ்பென்சரியைப் பதிந்துகொள்ளும் வசதி உண்டு. சாவடியிலிருந்து சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவும் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் வீடு என்று வாழ்கிறவர்களில் பாதிப் பேர் இதைப் பதியாமலே காலம் தள்ளுகிறார்கள்.

அக்டோபரிலும் நவம்பரிலும் அவர் வேலை செய்த நாட்கள் ஏறத்தாழ 50. அது 78-ஐத் தொடவில்லை. ஆகவே ஜூலைக்குப் பிறகு அந்த வழியில் உரிமை இல்லை. அதே மனிதர் டிசம்பர் முடியும்வரை வேலையில் இருந்திருந்தால், மாதம் 26 நாள் என்ற கணக்கில் மூன்று மாதத்துக்குச் சரியாக 78 நாள் ஆகியிருக்கும். குடும்பத்துக்கு இந்த ஆண்டு டிசம்பர் 31 வரை மருத்துவ உதவி கிடைத்திருக்கும். ஆலையை மூடும் தேதியைத் தொழிலாளி நிர்ணயிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் வேறு வேலை பார்த்துக்கொண்டு தாமாக விலகுகிறவர்கள் 74 நாளிலும் 76 நாளிலும் விலகிவிட்டு வந்து என் முன்னால் நிற்கும்போது எனக்கு வரும் கோபத்தை அடக்கிக்கொள்வது கடினம். ஒரு காலண்டரைப் பார்த்து எண்ணத் தெரிந்தால் போதும்.

இது யாரோ இரக்கப்பட்டுத் தரும் உதவி என்ற கூச்சமும் சிலரிடம் இருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் சம்பளக்காரருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 காசு. நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. ஆக மாதம் 600 ரூபாய், ஆண்டுக்கு 7,200 ரூபாய் உங்கள் பெயரில் போயிருக்கிறது. கட்டிய சந்தாவுக்கு உரியதைக் கேட்டு வாங்குவதில் என்ன கூச்சம்?

டிஸ்பென்சரியிலேயே "வேலையில் இல்லையென்றால் பார்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. அங்கே சண்டை போட வேண்டாம். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டு எண்ணைக் கொடுத்து உள்நுழைந்தால் சந்தா விவரமும் தகுதிக் காலமும் தெரியும். அதை அச்செடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போங்கள்; பேச்சு அங்கே சுருக்கமாக முடியும்.

இனி, மருத்துவ உதவிக்கு அப்பால் பணமாகக் கிடைக்கக்கூடியவை. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் 2005 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆலை மூடப்பட்டதாலோ, ஆட்குறைப்பாலோ, வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டதாலோ வேலை இழந்தவருக்கு, சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், 24 மாதம் வரை உதவித்தொகை தருவது அது. முதல் 12 மாதம் சராசரி நாட்கூலியில் பாதி, அடுத்த 12 மாதம் கால்பங்கு. முக்கியமாக, அந்தக் காலம் முழுவதும் குடும்பத்துக்கு மருத்துவ உதவியும் தொடரும். அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்பது 2018 ஜூலையில் தொடங்கியது. 2020 மார்ச் 24 முதல் அதன் தொகையை நாட்கூலியில் 50 சதவீதமாக உயர்த்தினார்கள். வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாளுக்கு. நாளொன்றுக்கு 500 ரூபாய் சராசரி என்றால் 22,500 ரூபாய். இந்தத் திட்டத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கென்று நீட்டித்து நீட்டித்து நடத்துகிறார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கிளையில் கேட்டுக்கொண்டு தாளை நிரப்புங்கள். நிறுவனம் கையெழுத்துப் போட மறுக்கிறது என்று காத்திருக்கத் தேவையில்லை, தொழிலாளியே நேரடியாகக் கொடுக்கலாம்.

இந்தப் பெண்மணியின் கணவருக்கு முதல் திட்டம் பொருந்தியிருக்க வேண்டும். ஆலை மூடப்பட்டது ஊரறிந்த செய்தி; எட்டரை ஆண்டு சந்தா இருக்கிறது. ஆனால் கடைசி மாதச் சம்பளத்தைத் தருவதற்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நகலைக் காட்டினார். "என் சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று மலையாளத்தில் இருந்தது. கணவருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது.

அந்த ஒற்றை வரி என்னென்ன செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஓராண்டுக்குமேல் வேலை செய்தவரை நீக்கினால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும். தாமாக விலகியவருக்கு அது இல்லை. விருப்பமில்லாமல் வேலை இழந்தவருக்கென்று உள்ள உதவித்தொகையும் இல்லை. பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டும் தப்பிக்கும், ஏனென்றால் ஐந்தாண்டு முடித்தவர் தாமாக விலகினாலும் அது உண்டு. இத்தனையும் எதற்காகப் போயின? நீக்கப்பட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் எப்படியும் தந்தே ஆகவேண்டிய சம்பளத்துக்காக.

என் வருமானம் பெரும்பாலும் சிறு நிறுவனங்களுக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தாள்கள் போட்டுக் கொடுப்பதிலிருந்து வருகிறது என்பதை மறைக்கவில்லை. அதனாலேயே அலுவலக எழுத்தர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதாந்தரச் சந்தாப் பட்டியலில் ஒருவர் நின்றுவிட்ட காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'பணியிலிருந்து விலகினார்' என்பதும் 'ஆட்குறைப்பு' என்பதும் தனித்தனியாகவே இருக்கின்றன. எல்லாருக்கும் முதலாவதையே பழக்கதோஷத்தில் தட்டிவிட்டுப் போகிறீர்கள். உங்களுக்கு அது ஒரு சொடுக்கு. அந்தக் குடும்பத்துக்கு அது இரண்டாண்டுக் கஞ்சி.

அவருக்கு வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. ஒரே நாளில், ஒரே வாசகத்தில், அத்தனை தொழிலாளர்களும் 'சொந்தக் காரணத்துக்காக' விலகியிருக்கிறார்கள் என்பதே அந்தக் கடிதங்களின் உண்மையைச் சொல்லிவிடும். மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு லேபர் ஆபீசில் எழுத்துமூலம் புகார் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மலையாளத்தில் எழுதத் தெரியவில்லை என்று அஞ்ச வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுத இடம் தருகிறது.

இந்தக் கட்டுரையை வேலையில் இருக்கும்போதே வாசிக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் எளியது. குடும்பத்தார் பெயர்களை இப்போதே பதியுங்கள். பிறந்த குழந்தையின் பெயரை மூன்று வயது வரை சேர்க்காமல் இருந்துவிட்டு, வேலை போன பிறகு ஓடிவருகிறவர்களை என்ன சொல்வது? மனைவி, மைனர் குழந்தைகள், படிக்கும் மகன் 21 வயது வரை, உங்கள் வருமானத்தை நம்பியுள்ள மணமாகாத மகள், பெற்றோர் எல்லாரும் குடும்பந்தான். இன்னொன்று: காப்பீட்டாளர் பெண்ணாக இருந்தால் அவருடைய கணவரும் குடும்பந்தான். மனைவி தையல் ஆலைக்குப் போகிறார், அவருக்குத் தனி இ.எஸ்.ஐ. எண் இருக்கிறது என்றால், வேலையிழந்த கணவரை அவருடைய அட்டையில் சேர்த்துவிடலாம். இதைச் சொன்னதும் ஆண்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளித்துவிட்டுச் சேர்ந்துகொள்ளட்டும், நெஞ்சுவலி வரும்போது அது யாருடைய அட்டை என்று யாரும் பார்ப்பதில்லை.

பதிவில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். காண்ட்ராக்டரின் ஆள் தன் எண்ணையே இருபது பேருக்கும் கொடுத்துவைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், ஓ.டி.பி. அவனுக்குப் போகும், நீங்கள் அவன் வீட்டு வாசலில் நிற்பீர்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரப்படுத்தினால் படம் எடுத்து, தெரிந்த ஒருவருக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

பிரசவம் நெருங்கியிருந்தால் இதையும் கவனியுங்கள். காப்பீட்டாளரின் மனைவிக்கு, அருகில் இ.எஸ்.ஐ. பிரசவ வசதி இல்லாமல் வெளியே பார்க்க நேர்ந்தால், இரண்டு பிரசவங்கள் வரை ஒவ்வொன்றுக்கும் 7,500 ரூபாய் செலவுத்தொகை உண்டு. பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

பி.எஃப். விஷயத்துக்கு வருகிறேன், அந்தப் பெண்மணி கேட்டு வந்தது அதைத்தானே. சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து நகையை மீட்கத் தாள் போட்டுக் கொடுத்தேன். ஓய்வூதியப் பங்கை மட்டும் தொடவேண்டாம் என்று கெஞ்சினேன், கெஞ்சினேன் என்பதுதான் சரியான சொல். எட்டரை ஆண்டு ஆகிவிட்டது. பத்தாண்டு ஆனால் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும். இப்போது 10சி படிவத்தில் பணமாகக் கேட்காமல் திட்டச் சான்றிதழாகக் கேட்டு வாங்கி வைத்தால், அடுத்த வேலையின் ஆண்டுகள் இதனோடு சேரும். பத்தாண்டு நிறைந்தவர் பின்னால் வேலையில் இல்லாத நாளில் இறந்துபோனாலும் மனைவிக்கு ஓய்வூதியம் வரும். கையில் வரும் சில ஆயிரங்களுக்காக இதை அழித்துவிடுகிறார்கள். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் கணவரே தொலைபேசியில் அழைத்துச் சான்றிதழாகவே வாங்கிவிடலாம் என்றார்.

பிப்ரவரியில் கட்டிய ஆஸ்பத்திரிப் பணம் திரும்பி வருமா என்றும் அன்று அந்தப் பெண்மணி கேட்டார். பரிந்துரை இல்லாமல், அவசரமும் இல்லாமல், தாமாகத் தனியாரிடம் திட்டமிட்டுச் செய்துகொண்ட சிகிச்சை அது. வராது என்று சொல்லவேண்டியிருந்தது. தையல் போட்ட இடத்தில் இன்னும் வலி இருப்பதாகவும், அதே ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் ஸ்கேன் எடுக்க 1,800 ரூபாய் கேட்டிருப்பதாகவும் போகிற போக்கில் சொன்னார். பீரோவிலிருக்கும் அட்டையை எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னேன். ஜூன் 30 வரை நாள் இருக்கிறது.