ஒற்றைக் கம்பியில் ஒரு பேரம்

“இரவெல்லாம் செருகிவைத்தால் மின்சாரக் கார் இஷ்டத்துக்கு மின்சாரத்தை இழுத்து வீட்டு வயரிங்கை எரித்துவிடாதா? அதை யார் தடுக்கிறார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்கிறோம். ஆனால் வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கி பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெட்டியில் இருப்பது ஒரு தடித்த ரிலே (தானாக மூடித் திறக்கும் ஸ்விட்ச்), கசிவுப் பாதுகாப்பு, கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ், அவ்வளவே. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3.7 கிலோவாட், 32 ஆம்பியர் என்றால் 7.4. இழப்பையும் சேர்த்தால் 40 கிலோவாட்-மணி பேட்டரி நிரம்ப முறையே 12 மணி நேரமும் 6 மணி நேரமும் ஆகும்.

காரில் செருகும் டைப் 2 பிளக்கில் 7 பின்கள். மூன்று ஃபேஸ், நியூட்ரல், எர்த் போக இரண்டு சின்னப் பின்கள் மிஞ்சும். அதில் ஒன்றின் பெயர் கன்ட்ரோல் பைலட். காருக்கும் பெட்டிக்கும் பேரம் நடப்பது அதில்தான்.

கார் இல்லாதபோது பெட்டி அந்தக் கம்பியில் 1000 ஓம் ரெசிஸ்டர் வழியாக 12 வோல்ட்டை வைத்துக் காத்திருக்கும். செருகியதும் காருக்குள் உள்ள, ஒரே திசையில் கடத்தும் டையோடும் 2740 ஓம் ரெசிஸ்டரும் கம்பியை எர்த்தோடு இணைக்க, 12 வோல்ட் 9 ஆக இறங்குகிறது. வண்டி வந்துவிட்டது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். உடனே நொடிக்கு 1000 முறை +12க்கும் −12க்கும் தாவும் சதுர அலையை அனுப்பத் தொடங்குகிறது. கார் தயாரானதும் இன்னொரு 1300 ஓமை இணையாகச் சேர்க்கும். அலையின் உச்சி 6 வோல்ட்டுக்கு இறங்கும். அப்போதுதான் ரிலே மூடும். அதுவரை பெரிய பின்களில் மின்சாரமே கிடையாது.

அந்த டையோடு எதற்கு? தண்ணீரோ ஈர விரலோ பைலட்டையும் எர்த்தையும் இணைத்தால்கூட உச்சி இறங்கலாம். ஆனால் அப்போது அலையின் அடிப்பகுதியும் சுருங்கிவிடும். டையோடு எதிர்த்திசையில் கடத்தாது என்பதால், உண்மையான காராக இருந்தால் உச்சி மட்டும் இறங்கி அடி −12லேயே நிற்கும். சில காசு பெறும் ஒரு பாகம் காரையும் நீரையும் பிரித்துச் சொல்லிவிடுகிறது! “மழையில் சார்ஜ் போட்டால் ஷாக்” என்று ஃபார்வர்டு செய்கிறவர்கள் இதைப் படிக்கலாம். வெட்டவெளியில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டைப் பற்றிய பயம் மட்டும் நியாயமானது.

எவ்வளவு இழுக்கலாம் என்பதும் இதே அலையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மில்லிநொடியிலும் அலை எத்தனை விழுக்காடு நேரம் மேலே நிற்கிறதோ, அதை 0.6ஆல் பெருக்கினால் ஆம்பியர். 10 விழுக்காடு என்றால் 6 ஆம்பியர், 53.3 என்றால் 32. (85 விழுக்காட்டுக்கு மேல் கணக்கு வேறு.) வீட்டில் மற்ற லோடு கூடினால் சில பெட்டிகள் விழுக்காட்டைக் குறைக்கும், கார் சில நொடிகளில் அடங்கும். பேட்டரி நிரம்பியதும் கார் 1300 ஓமைக் கழற்றிவிடும், ரிலே திறந்துகொள்ளும். இரவெல்லாம் செருகியிருப்பதால் ஓவர்சார்ஜ் ஆகாது.

சிக்கல் சுவருக்குள் இருக்கிறது. பெட்டி சொல்வதைக் கார் அப்படியே நம்பும். பின்னால் போகும் வயரை அதனால் பார்க்க முடியாது. பெட்டியில் ஆம்பியரைத் தேர்வுசெய்யும் ஸ்விட்சை 32இல் வைத்துவிட்டு மெல்லிய 2.5 சதுர மி.மீ. வயரில் இணைத்தால், தடுக்க, கரன்ட் மிஞ்சினால் தானே விழும் எம்.சி.பி. மட்டுமே மிச்சம். அதையும் “அடிக்கடி விழுகிறது” என்று பெரிதாக மாற்றிவிட்டால் ஒன்றுமில்லை. 32 ஆம்பியருக்கு 6 சதுர மி.மீ. தாமிர வயர், தனி லைன், 40 ஆம்பியர் எம்.சி.பி. என்பது பொதுவான அளவு. வயர் நீளமானாலோ சூடான இடத்தில் போனாலோ இன்னும் தடிமன் வேண்டும். கூடவே, கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்க ஆர்.சி.சி.பி. வேண்டும். ஆனால் டி.சி. கசிந்தால் சாதாரண ஆர்.சி.சி.பி.யின் உள்ளகம் காந்தத்தால் நிறைந்து மரத்துப்போகும். பெட்டியிலேயே 6 மில்லிஆம்பியர் டி.சி. கசிவைப் பிடிக்கும் வசதி இருந்தால் ஏ வகை ஆர்.சி.சி.பி. போதும், இல்லையேல் டி.சி. கசிவையும் உணரும் பி வகை வேண்டும்.

சுவர்ப் பெட்டி இல்லாமல் சாதாரண சாக்கெட்டில் போடுபவர்களுக்கு எதிரி தளர்ந்த ஸ்க்ரூ. இணைப்பில் 0.1 ஓம் தடை இருந்தாலே 16 ஆம்பியரில் சுமார் 26 வாட் சூடு, அதுவும் பிளாஸ்டிக்குக்குள், மணிக்கணக்காக. சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறுவதால் 10 ஆம்பியருக்குக் குறைத்தால் 10 வாட்தான். ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் நிறுத்திவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள்.

எர்த் சரியில்லை என்று பெட்டி சார்ஜ் செய்ய மறுத்தால், எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து அதை ஏமாற்றும் அடாப்டர் பக்கம் போகவே வேண்டாம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும்.