யுர்பர்காஸ்: ஆற்றைக் கடந்தால் தேதி மாறும்

லித்துவேனியாவில் நெமுனாஸ் ஆற்றின் வலக்கரையில் இருக்கும் சிற்றூர் யுர்பர்காஸ். 1259-இல் ஜெர்மானிய வீரத்துறவியர் இங்கே கேயோர்கென்புர்க் கோட்டையை எழுப்பினார்கள். அந்தத் துறவியருக்கும் லித்துவேனியாவுக்கும் இடையிலான எல்லையை 1422 மெல்னோ உடன்படிக்கை ஊருக்கு மேற்கே நிறுத்தியது. 1611-இல் நகர உரிமை வந்தது. இதுவரை குழப்பமில்லை. 19-ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளைத் தொட்டால்தான் தலை சுற்றும்.

அப்போது ஊர் ரஷ்யப் பேரரசில். திருமுழுக்கு, திருமணம் எல்லாம் ஜூலியன் என்ற பழைய நாட்காட்டியில். நேர் எதிர்க்கரையில் உள்ள கிடுலியாய் 1815 முதல் போலந்து முடியாட்சிக்குள். அதற்கும் ஜார்தான் மன்னர். ஆனாலும் பதிவுமுறை நெப்போலியன் சட்டப்படி, நாட்காட்டி இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன். ஜூலியன் அதைவிட 12 நாள் பின்தங்கியிருந்தது. 1868-க்குப் பின் அக்கரையில் ரஷ்ய மொழியில் எழுதியபோது '3/15 மார்ச்' என ஜூலியன், கிரிகோரியன் இரண்டையும் போட்டார்கள். இதைப் படிப்பவர்களில் சிலர் 15-ஐ மறுபடி மாற்றி 27 ஆக்கிவிடுகிறார்கள்!

ஆகவே முதலில் எந்தக் கரை என்று பாருங்கள். தேதியை உள்ளபடியே எழுதி, பக்கத்தில் நாட்காட்டியைக் குறியுங்கள். மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்: ஜூலியன் தேதியோடு 18-ஆம் நூற்றாண்டுக்கு 11 நாள், 19-க்கு 12, 20-க்கு 13 கூட்டவேண்டும். டிசம்பர்க் கடைசிப் பதிவுகளில் ஆண்டே மாறும்; ஜூலியன் 25 டிசம்பர் 1870 என்பது நமக்கு 6 ஜனவரி 1871.

வில்னியஸில் உள்ள அரசு வரலாற்று ஆவணக் காப்பகத்தில் தேடும்போது, கோவ்னோ மாகாணம், ரசெய்னியாய் வட்டம் என்று கேளுங்கள். கோவ்னோ மாகாணமே 1843-இல்தான் உருவானது; அதற்கு முந்தியது வில்னா மாகாணத் தலைப்பில் கிடக்கும். யூதர் பதிவேடுகளில் ஒரே பதிவு ரஷ்ய மொழியிலும் எபிரேயத்திலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிடாமல் பெயரை முடிவு செய்யக்கூடாது. அந்தச் சமூகத்தின் 1790-ஆம் ஆண்டு மரத் தொழுகைக்கூடம் 1941-இல் அழிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஊரின் யூத ஆண்கள் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எஞ்சிய ஏடுகளைக் கவனமாகப் படிக்க இதுவே போதிய காரணம்.

ஜெர்மன் தாள்களில் இன்னும் இரண்டு பொறிகள். அன்றைய ஜெர்மன் பகுதியான கிழக்குப் பிரஷ்யாவில் இன்ஸ்டர்புர்க் நகருக்கு அருகே இன்னொரு கேயோர்கென்புர்க் உண்டு. குதிரைப்பண்ணை என்று வந்தால் அது பெரும்பாலும் அந்த ஊர். 'மேமல்' என்பது நெமுனாஸ் ஆறாகவும் இருக்கலாம், கடலோர கிளைபேதா நகராகவும் இருக்கலாம். பதிவில் தெப்பம், மரம், சுங்கம் பேசப்பட்டாலும் அவசரப்படாதீர்கள். இரண்டு இடத்திலும் அவை உண்டு. கூடவே வரும் சிற்றூர்ப் பெயர்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.