ஹைப்போவில் அவசரம் வேண்டாம்

கையால் ரசாயனம் பூசி, வெயிலில் வைத்து எடுத்த சால்ட் பிரிண்ட், வான்டைக் பிரவுன் என்னும் பழைய முறைப் புகைப்படங்களைச் 'சரிசெய்து தர முடியுமா' என்று கேட்டுக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் ஒரே குறைதான். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளித்திருக்கும், நடுத்தர நிழல்கள் வெளுத்திருக்கும். நெகட்டிவும் நல்லது, தாளும் நல்லது. கோட்டைவிட்டது கடைசி அரைமணி நேரத்தில், படத்தை ஹைப்போவில் ஊறவைத்துக் கழுவும்போது. இப்படி மங்கியதைப் பழையபடி ஆக்க என்னால் முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட், படமாக மாறாத வெள்ளி உப்பைக் கரைத்து வெளியே எடுக்கிறது. ஜான் ஹெர்ஷல் 1819-லேயே கண்டறிந்த குணம் இது. ஆனால் அது ஒரே மூச்சில் நடப்பதில்லை. முதலில் வெள்ளி உப்பு, எளிதில் கரையாத ஒரு சேர்மமாகிறது. ஹைப்போ தாராளமாக இருந்தால்தான் அது கரையும் நிலைக்கு வரும். கரைசல் களைத்திருந்தால் பாதியிலேயே நின்றுவிடும். அந்த மிச்சம் தாளுக்குள் தங்கி, நாளாக ஆக வெள்ளி சல்ஃபைடாக மாறுகிறது. நீங்கள் பார்க்கும் மஞ்சள் கறை அதுதான். மணிக்கணக்கில் கழுவினாலும் போகாது.

இன்னொரு பக்கம், சரியாகக் கழுவாததால் தங்கிவிடும் ஹைப்போவே எதிரியாகும். அதிலுள்ள கந்தகம் படத்தின் வெள்ளியைத் தின்னும். வெயிலில் நேரடியாகக் கறுத்த வெள்ளித் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் சேதமும் சீக்கிரம் வரும். படங்கள் மங்குவது ஏன் என்று ஆராய லண்டன் புகைப்படச் சங்கம் 1855-ல் குழுவே அமைத்தது. தங்கிய ஹைப்போவும் கந்தகமும்தான் முக்கியக் குற்றவாளிகள் என்று முடிவுக்கு வந்து, தங்க டோனிங்கை, அதாவது தங்க உப்புக் கரைசலில் படத்தை ஊறவைப்பதை, பரிந்துரைத்தார்கள். அந்தக் காலத்தில் பழைய ஹைப்போவில் ஊறவைத்து அழகான ஊதா-பழுப்பு நிறம் வரவழைப்பது வழக்கமாக இருந்தது. இன்றும் சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது கந்தகம் தந்த நிறம்.

சரி, எப்படிச் செய்வது? முதல் கழுவலில் தண்ணீர் பால்போலக் கலங்கும். குழாய்நீரின் குளோரைடோடு மிச்ச வெள்ளி நைட்ரேட் சேர்வதால் வருவது அது. கலங்கல் நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள். வான்டைக்கில் இரும்பு உப்பும் இருக்கிறது. காரத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீர் பட்டால் அது தாளிலேயே படிந்து மஞ்சளாக நிற்கும். முதல் தண்ணீரில் சிறிது சிட்ரிக் அமிலம் போட்டால் இது தவிரும்.

தங்க டோனிங் செய்வதானால் இந்தக் கட்டத்தில், ஃபிக்ஸிங்குக்கு, அதாவது ஹைப்போவில் போடுவதற்கு, முன். தங்கம் வெள்ளியின் மேல் படிந்து காப்பதால் ஹைப்போவில் வெளுப்பதும் குறையும். செலவுதான், ஆனால் விற்கும் படத்துக்கு நான் இதை விடுவதில்லை.

சால்ட் பிரிண்டுக்கு லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் ஹைப்போ, ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட். வான்டைக்குக்கு லிட்டருக்கு 30 கிராமே போதும். கடையில் கிடைக்கும் அமிலம் கலந்த ரேபிட் ஃபிக்ஸர் வேண்டாம், படத்தையே அரித்துவிடும். எப்போதும் இரண்டு ட்ரே வையுங்கள். முதல் ட்ரே பெரும்பாலான வெள்ளியை வாங்கிக்கொள்ளும், இரண்டாவது புதிதாகவே இருக்கும். அப்புறம் 1 சதவீத சோடியம் சல்ஃபைட்டில் (sulphite) சில நிமிடம், அதன்பின் ஓடும் நீரில் நீண்ட கழுவல்.

கண்ணை நம்பாமல் சோதித்துவிடுங்கள். கழுவிய படத்தின் வெற்று ஓரத்தில் நீர்த்த சோடியம் சல்ஃபைடு (sulphide, மேலே சொன்ன சல்ஃபைட் அல்ல) ஒரு சொட்டு விட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் ஒற்றி எடுங்கள். பழுப்பு நிறம் தெரிந்தால் உள்ளே வெள்ளி இன்னும் இருக்கிறது, மறுபடி புது ஹைப்போ.

தீர்ந்த ஹைப்போவைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். கரைந்த வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. இரும்பு நார் போட்டு வைத்தால் வெள்ளி சேறாகப் படியும். மருத்துவமனை எக்ஸ்ரே ஹைப்போவை வாங்கி வெள்ளி பிரிப்பவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.