சாஸா கார்டு அடகுப் பொருள் அல்ல

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கடன் ஆலோசகராக இருக்கிறேன். இந்த வாரமும் ஓர் ஆயா வந்தார். சாஸா, அதாவது அரசின் சமூகப் பாதுகாப்பு அமைப்பு, தரும் முதியோர் உதவித்தொகை கணக்கில் விழுந்த அன்றே காலியாகிவிட்டதாம். பணம் எடுக்கும் சாஸா கார்டு எங்கே என்றேன். "வட்டிக்காரர்கிட்ட இருக்கு. நகையை அடகு வைக்கிற மாதிரிதானே?" என்றார்.

இல்லை ஆயா, இல்லவே இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நகை அடகுக்கடைப் பெட்டியில் சும்மா கிடக்கும். அது மாதாமாதம் காசு கொடுக்காது. கார்டும் பின் நம்பரும் கையில் இருப்பவர் உங்களுக்கு முன்பே ஏடிஎம்முக்குப் போவார். எவ்வளவு எடுத்தார், அசலில் எவ்வளவு கழிந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கடன் முடிந்துவிட்டது என்று அவராகச் சொல்லவும் மாட்டார். "நானே விரும்பித்தான் கொடுத்தேன்" என்பதும் செல்லாது. கடனுக்காகக் கார்டையோ அடையாள அட்டையையோ பின் நம்பரையோ வாங்கி வைப்பது 2005-ம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி குற்றம்.

வட்டியையும் பாருங்கள். பதிவு பெற்றுக் கடன் கொடுப்பவரிடம் 1,000 ராண்ட் குறுகிய காலக் கடன் வாங்கினால், முதல் கடனுக்கு மாத வட்டி அதிகபட்சம் 5 சதவீதம், அதாவது 50 ராண்ட். கட்டணங்கள் தனி. அதே கடனுக்குத் தெருவில் வட்டிக்காரர்கள் 500 கேட்கிறார்கள். அதை மட்டும் கட்டினால் அசல் அப்படியே நிற்கும்.

மக்களை மட்டும் குறை சொல்லவில்லை. 2004-ல் நான்கு பெரிய வங்கிகளும் போஸ்ட்பாங்க்கும் சேர்ந்து ஏழைகளுக்காக ம்ஸான்சி என்ற எளிய வங்கிக் கணக்கைக் கொண்டுவந்தன. கணக்கு கிடைத்தது, சரி. ஆனால் மாதக் கடைசியில் மருந்துக்கு 300 ராண்ட் வேண்டுமென்றால் எந்த வங்கி தருகிறது? சம்பளச் சீட்டு கேட்பார்கள். அந்த இடத்தில்தான் வட்டிக்காரர் வந்து நிற்கிறார்.

கடன் கொடுப்பவரிடம் தேசியக் கடன் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். 2016 நவம்பர் முதல் வட்டிக்குக் கடன் கொடுக்கும் சின்ன ஆளுக்கும் பதிவு கட்டாயம். "சாஸா கடன்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள், சாஸா கடன் தருவதே இல்லை.

கார்டு ஏற்கெனவே போய்விட்டதா? தயவுசெய்து தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். முதலில் கார்டை முடக்கிப் புதியது வாங்குங்கள், பின் நம்பரை மாற்றுங்கள். அப்புறம் போலீஸில் புகார் கொடுங்கள். கடன் கட்டாததற்காக உங்களை யாரும் ஜெயிலில் போட முடியாது. எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு போனது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ரசீது இல்லாவிட்டாலும் வாருங்கள்.