ஸ்டீயரிங்கைத் தொடாமலே ஒரு வாழ்நாள்

நின்றுகொண்டிருக்கும் காரை முதல் கியரில் நகர்த்த, ஓட்டத் தெரிந்தவருக்கு மூன்று நொடி போதும். அந்த மூன்று நொடிக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இடது கால் கிளட்சை முழுக்க அமுக்க வேண்டும். கை கியரைப் போட வேண்டும். வலது கால் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டருக்குப் போக வேண்டும். அப்புறம் இடது காலை மெதுவாக, மிக மெதுவாக எடுக்க வேண்டும். எடுக்கும் வழியில் ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகக் கனக்கும், வண்டி ஒரு சிறு நடுக்கம் காட்டும். ‘ஹாஃப் கிளட்ச்’ என்று சொல்லிக்கொடுப்பவர் கத்துவது அந்த இடத்தைத்தான். அங்கே காலை ஒரு கணம் நிறுத்தி, மற்றொரு காலால் அளவாக அழுத்தினால் வண்டி நகரும். டக்கென்று எடுத்துவிட்டால் ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிவிடும். இதற்கிடையே இண்டிகேட்டர் போட்டிருக்க வேண்டும், பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும்.

நான் மூன்று தடவை கற்றுக்கொள்ளத் தொடங்கி, மூன்று தடவையும் இந்த இடத்திலிருந்துதான் திரும்பி வந்தேன். கடைசித் தடவை, பின்னாலிருந்து யாரோ விடாமல் ஹாரன் அடிக்க, வண்டி தொடர்ந்து நான்கு முறை ஆஃப் ஆனது. ஐந்தாவது முறைக்கு நான் காத்திருக்கவில்லை, இறங்கிக்கொண்டேன். “ஏன் இன்னும் ஓட்டக் கத்துக்கலை?” என்று யாராவது கேட்டால் “நேரம் கிடைக்கலை” என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன். முழுப் பொய் என்றும் அதைச் சொல்ல முடியாது.

வண்டி ஓட்டாமலே காலம் தள்ளுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. “இனி இந்த ஜென்மத்தில் ஓட்டப்போவதில்லை” என்று உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்தவர்கள் அவர்களில் குறைவாகத்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்கு அது தானாக அமைந்துபோகிறது. எப்படி அமைகிறது என்பதற்கு மூளையைத்தான் கேட்க வேண்டும்.

மனத்தில் ஒரே நேரத்தில் பிடித்துவைத்துக் கையாளக்கூடிய விஷயங்களுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது ஏழு, வேண்டுமானால் இரண்டு கூடக் குறைய என்று 1956இல் எழுதினார் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். அவ்வளவெல்லாம் இல்லை, நான்கை ஒட்டித்தான் என்று 2001இல் நெல்சன் கோவன் வாதிட்டார். மேலே சொன்ன மூன்று நொடி வேலைகளை எண்ணிப் பாருங்கள், நான்கைத் தாண்டிவிடும். புதியவருக்கு அவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சுமை. கிளட்சைக் கவனித்தால் கண்ணாடி மறந்துபோகிறது, கண்ணாடியைப் பார்த்தால் ஸ்டீயரிங் கோணுகிறது.

எந்த உடல் திறமையும் மூன்று கட்டங்களில் வருகிறது என்று பால் ஃபிட்ஸும் மைக்கேல் போஸ்னரும் 1967இல் விளக்கினார்கள். முதலில் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிச் செய்கிறோம். அடுத்து, துண்டு துண்டாக இருந்த வேலைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. கடைசியில் அது நம்மைக் கேட்காமலே ஓடுகிறது. ஆரம்பத்தில் நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளை மூச்சுவாங்க வேலை செய்கிறது. பழகப் பழக, சிறுமூளையும் மூளையின் ஆழத்திலிருக்கும் நரம்புமுடிச்சுகளும் பெரும்பகுதி வேலையை வாங்கிக்கொள்கின்றன. ‘கால் பழகிடுச்சு’ என்று நாம் சொல்வது இந்தக் கைமாற்றத்தைத்தான். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மொத்தக் கஷ்டமும் முதல் சில வாரங்களிலேயே வந்து குவிகிறது, அதுவும் ஊரார் முன்னிலையில். பியானோ கற்பவர் கதவைச் சாத்திக்கொண்டு தப்புத்தப்பாக வாசிக்கலாம். கார் கற்பவர் தன் தப்பையெல்லாம் நடுரோட்டில்தான் செய்தாக வேண்டும்.

கண்ணும் ஆரம்பத்தில் ஒத்துழைக்காது. புதியவர்களின் பார்வை எங்கே போகிறது என்று மூரண்ட், ராக்வெல் என்ற இருவர் அளந்து 1972இல் வெளியிட்டார்கள். பழகிய ஓட்டுநர்களைவிட அவர்கள் வண்டிக்கு நெருக்கமாகப் பார்த்தார்கள், கண்ணாடிகளைக் குறைவாகப் பார்த்தார்கள். பயந்தவர் காலடியைப் பார்த்து நடப்பது மாதிரி. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது. 10 மீட்டர் தள்ளிப் பார்க்கிறவருக்கு, கண்டதைத் திருத்திக்கொள்ள ஒரே ஒரு நொடிதான் மிச்சம்.

மைக்கேல் லாண்டும் ஜூலியா ஹார்வுட்டும் 1995இல் இதை இன்னும் நுட்பமாகக் காட்டினார்கள். கணினியில் உருவாக்கிய சாலையை முழுதாகக் காட்டாமல், ஒரு கீற்றை மட்டும் திறந்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். கிட்டத்துக் கீற்று மட்டும் தெரிந்தபோது வண்டி தடத்துக்குள் நின்றது, ஆனால் ஸ்டீயரிங் வெட்டி வெட்டித் திரும்பியது. தூரத்துக் கீற்று மட்டும் தெரிந்தபோது ஓட்டம் வழுக்கிக்கொண்டு போனது, ஆனால் தடத்தின் நடுவில் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் சரியான ஓட்டம். வளைவு எப்படி வருகிறது என்பதைத் தூரப் பார்வை சொல்கிறது, ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறோம் என்பதைக் கிட்டப் பார்வை சொல்கிறது. புதியவர் கிட்டத்தையே முறைத்துக்கொண்டிருப்பதால் வண்டி பாம்பு மாதிரி நெளிகிறது. நெளிவதைப் பார்த்துப் பயம் கூடுகிறது. பயம் கூடினால் பார்வை இன்னும் குறுகுகிறது. “தூரமாப் பாருங்க” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வது சரியான அறிவுரைதான். பயத்தில் இருப்பவருக்கு அது நடுக்கடலில் “நிதானமா நீந்துங்க” என்று கேட்பது மாதிரி இருக்கும்.

அடுத்தது, ‘ஜட்ஜ்மென்ட்’. ஓட்டாதவர்கள் அதிகம் சொல்லும் காரணம் இதுதான்: “எனக்கு ஜட்ஜ்மென்ட் வரலை.” அந்த இடைவெளியில் வண்டி நுழையுமா, பின்பக்கம் சுவரில் இடிக்குமா என்பது தெரியவில்லை என்கிறார்கள். இதைக் கண்பார்வைக் கோளாறு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. விஷயம் வேறு. நம் உடம்பு எங்கே முடிகிறது என்பதற்கு மூளை ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. இருட்டில் மூக்கைச் சொறிய முடிவது அதனால்தான். அந்த வரைபடம் தோலோடு நிற்பதில்லை என்று ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற நரம்பியலாளர்கள் 1911இலேயே எழுதிவிட்டார்கள். தொப்பியில் செருகிய இறகின் நுனி வரைக்கும் ஒரு பெண்ணின் உடலுணர்வு நீளக்கூடும் என்பது அவர்கள் சொன்ன உதாரணம்.

1996இல் ஜப்பானில் அட்சுஷி இரிக்கியின் குழு குரங்குகளுக்கு ஒரு சிறு வாரியைக் கொடுத்து, எட்டாத தீனியை இழுத்துக்கொள்ளப் பழக்கியது. கையைத் தொட்டாலும், கைக்கு அருகே எதையாவது காட்டினாலும் துடிக்கும் நரம்பணுக்கள் சில அவற்றின் மூளையில் உண்டு. வாரியால் இழுத்துப் பழகிய பிறகு, அந்த அணுக்களின் ‘கைக்கு அருகே’ என்ற எல்லை வாரியின் நுனி வரை நீண்டது. வாரியை வேலை செய்யாமல் சும்மா பிடித்திருந்தபோது நீளவில்லை. எனக்கு இதில் பிடித்தது கடைசி வாக்கியம்தான். இருபது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தும் வண்டியின் அகலம் நம் உடம்பில் ஏறாமல் போவதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ‘ஜட்ஜ்மென்ட் வந்தபின் ஓட்டலாம்’ என்று காத்திருந்தால் அது வரவே வராது. ஓட்டினால்தான் வரும்.

உடல்நிலையே தடுப்பதும் உண்டு. பார்வைப் புலத்தில் பாதி இழந்தவர்கள், கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்கள், திடீரென்று தூக்கம் அமுக்கிவிடும் நோய் உள்ளவர்கள் ஓட்டாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. கை கால்களை ஒருங்கிணைப்பதில் பிறவியிலேயே தடுமாற்றம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு அது இருப்பதாக மருத்துவக் கையேடுகள் சொல்கின்றன. வளர்ந்தபின் அவர்களில் பலருக்குக் கியர் வண்டி பெரும்பாடு. கியர் தானாக மாறும் வண்டி கிடைத்தால் பாதிப் பாரம் குறையும்.

இப்போது பயத்துக்கு வருவோம். வண்டி ஓட்டும் பயத்துக்கு ‘அமாக்ஸோஃபோபியா’ என்று ஒரு பெயரே உண்டு. கிரேக்க மொழியில் ‘அமாக்ஸா’ என்றால் வண்டி. எல்லாவற்றுக்கும் ஒரு நோய்ப்பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இந்தப் பயம் நிலைத்துநிற்கும் விதம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஹோபார்ட் மவுரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947இல் இதை இரண்டு படிகளாகப் பிரித்தார். முதல் படியில் ஒரு பொருளோடு பயம் ஒட்டிக்கொள்கிறது: ஸ்டீயரிங், ஹாரன் சத்தம், குலுங்கி நிற்கும் வண்டி. இரண்டாவது படியில், அதைத் தவிர்க்கும்போது ஒரு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதி ஒரு பரிசு. பரிசு கிடைத்த செயலை மூளை திரும்பச் செய்யும்.

அன்றைக்கு வண்டியிலிருந்து இறங்கி நடைபாதையில் கால் வைத்த கணம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. தோள் தளர்ந்தது, மூச்சு சீரானது. அவ்வளவு சுகமாக ஒரு தோல்வி இருந்ததே இல்லை. நான்கு முறை வண்டி நின்றது கூடப் பெரிய கெடுதல் செய்யவில்லை. இந்தச் சுகம்தான் செய்தது. “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் அதே நிம்மதியின் ஒரு சிறு தவணை வந்துகொண்டிருந்தது. சும்மா காலம் கடந்தால் பயம் தேய்ந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படித் தேய்வதில்லை. பயந்த பொருளின் பக்கத்திலேயே இருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று மறுபடி மறுபடி பார்த்தால்தான் அடங்கும். அப்போதும் பழைய நினைவு அழிவதில்லை, அதன்மேல் புதிய நினைவு ஒன்று படிகிறது. அதனால்தான் நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தவருக்குக்கூட நீண்ட இடைவெளிக்குப் பிறகு பயம் திரும்பி வருகிறது.

இவ்வளவும் மண்டைக்குள் நடப்பது. வெளியே வாழ்க்கையும் சும்மா இருப்பதில்லை. ஓட்டத் தெரியாதவர் வீடு தேடும்போது பஸ்ஸோ ரயிலோ போகும் இடமாகப் பார்க்கிறார். வேலையையும் அப்படியே பார்க்கிறார். வீட்டில் ஒருவர் ஓட்டத் தெரிந்தவர் என்றால் எல்லாப் பயணத்திலும் அவரே ஓட்டுகிறார், அவருக்கே பழக்கம் கூடுகிறது, மற்றவர் கேட்கவே கூசுகிறார். சில வருடங்களில் ஓட்டத் தெரியாமை ஒரு குறையாகவே தெரியாத அளவுக்கு எல்லாம் அதைச் சுற்றி அடுக்கப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிராண்டன் ஷாட்டலும் மைக்கேல் சிவாக்கும், லைசென்ஸ் இல்லாத 18 முதல் 39 வயது வரையிலான 618 பேரிடம் காரணம் கேட்டு 2013இல் வெளியிட்டார்கள். முதலிடம் பிடித்த பதில், நேரமில்லை என்பது: 37 சதவீதம். வண்டி வைத்துக்கொள்ளும் செலவு 32. வேறு யாராவது கூட்டிப்போகிறார்கள் என்பது 31. முதல் பதிலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த 37 சதவீதத்தில் என்னைப் போல எத்தனை பேரோ.

ஓட்டாதவர்களின் பயத்தை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் இதுவே. இத்தனைக்குப் பிறகும் ஓட்டுகிறவர்கள் நிம்மதியாக ஓட்டுகிறார்கள் என்றால், அவர்களுடைய நம்பிக்கைக்குத்தான் விளக்கம் தேவை. ஸ்வீடனைச் சேர்ந்த ஓலா ஸ்வென்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநர்களிடம் அவர்களுடைய திறமையைக் கூட இருந்த மற்றவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடச் சொன்னார். அமெரிக்கக் குழுவில் 93 சதவீதம் பேரும் ஸ்வீடன் குழுவில் 69 சதவீதம் பேரும், குழுவின் சரிபாதிக்கு மேலே தங்களை வைத்துக்கொண்டார்கள். கணக்குப்படி அது 50 சதவீதத்தைத் தாண்ட வழியே இல்லை.

அவர்களுக்கு ஓட்டாதவர்களைப் புரியாமல் போவதற்கும் மூளைதான் காரணம். முன்மூளையிடமிருந்து வேலை கைமாறிப் போனதும், அதை எப்படிச் செய்கிறோம் என்ற விவரமும் கூடவே போய்விடுகிறது. “ஹாஃப் கிளட்சில் காலை எவ்வளவு தூக்குவாய்?” என்று நண்பர் ஒருவரிடம் கேட்டேன். பதினைந்து வருடமாக ஓட்டுகிறவர். யோசித்தார், மேசைக்கு அடியில் காலை அசைத்துப் பார்த்தார், “அது தானா வரும்ப்பா” என்றார்.

சரி என்று ஒரு சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங் மாதிரி அவர் கையில் கொடுத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். நேரான சாலையில் இடது தடத்திலிருந்து வலது தடத்துக்கு மாறிக் காட்டச் சொன்னேன். தட்டை வலப்பக்கம் திருப்பினார், பிறகு நேராக்கினார், கண்ணைத் திறந்து “அவ்வளவுதானே?” என்றார். அப்படித் திருப்பினால் வண்டி சாய்வாகவே போய்ச் சாலையை விட்டு இறங்கிவிடும். நேராக்கியதோடு நிற்காமல், அதே அளவு இடப்பக்கமும் திருப்பி மீண்டும் நேராக்கினால்தான் புதிய தடத்தில் வண்டி நேராக நிற்கும். ஜெர்மனியின் ட்யூபிங்கனில் வாலிஸ், சாட்ஸியாஸ்ட்ராஸ், ப்யூல்தாஃப் ஆகியோர் 2002இல் கண்டதும் இதுதான். ஓட்டிப் பழகியவர்கள், சாலை கண்ணுக்குத் தெரியாதபோது அந்த இரண்டாவது பாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். சாலை தெரியும்போது அதே ஆட்களின் கை அதைப் பிசகாமல் செய்தது.

நண்பர் நம்பவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் தன் கையையே கவனித்துக்கொண்டு தடம் மாறிப் பார்த்தாராம். “கவனிக்க ஆரம்பிச்சதும் வண்டி லேசா ஆடிச்சுப்பா” என்றார் போனில்.